திருகோணமலையில் ஒரு வீட்டுப் பிளான் சேவை: கோடு சுத்தம், திசைதான் இல்லை

திருகோணமலை நகரில் வீட்டுப் பிளான் வரைந்து, உள்ளூராட்சிச் சபை அனுமதிக்குத் தேவையான தாள்களையும் சேர்த்துக் கொடுக்கும் ஒரு வரைதல் நிலையத்தின் பொதி பற்றிய மதிப்பீடு இது. நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். இதே பாணியில் வரைபவர்கள் உவர்மலையிலிருந்து நிலாவெளி வரை இருக்கிறார்கள். கீழே வரும் குறைகளில் பாதிக்கு மேல் அவர்களுடைய தாள்களிலும் கிடக்கும். வேறு இடத்தில் பிளான் எடுத்தவர்களும் தங்கள் தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வாசிக்கலாம்.

எடுத்துக்கொண்ட மாதிரி: 12 பேர்ச் காணி, அதாவது 3,267 சதுர அடி. அகலம் 45 அடி, நீளம் எழுபத்திரண்டரை அடி. வீதி மேற்கே. மேலும் கீழுமாக இரண்டு மாடி. கீழே ஹோல், ஓர் அறை, பென்றி, குசினி, குளியலறை, கார் நிறுத்தும் போர்டிகோ. மேலே மூன்று அறையும் ஒரு பல்கனியும்.

பொதிகள் மூன்று. முதலாவதில் அனுமதிக்கு வேண்டிய தாள்கள் மட்டும்: காணி வரைபடம், தள வரைபடம், வெட்டுமுகம், நான்கு பக்கத் தோற்றம். இரண்டாவதில் கம்பி அட்டவணை, கதவு யன்னல் அட்டவணை, மின், தண்ணீர்க் குழாய்த் தாள்கள், பீ.ஓ.கியூ. (பொருள், வேலை அளவுப் பட்டியல்) எல்லாம் சேரும். மூன்றாவதில் இவற்றோடு கணினியில் செய்த 3டி படமும், வீட்டுக்குள் நடந்து பார்ப்பதுபோல ஒரு வீடியோவும். கட்டணம் சதுர அடிக் கணக்கு. வரைதலின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. கோடுகளின் தடிப்பு ஒழுங்கு, அளவுகள் மூன்று வரிசையாக (முழு நீளம், அறை அறையாக, திறப்புத் திறப்பாக) போடப்பட்டிருக்கின்றன, கூட்டிப் பார்த்தால் பிசகாமல் பொருந்துகின்றன. மேசன் பாஸ் கையில் கொடுத்தால் கேள்வி கேட்காமல் கயிறு பிடிக்கலாம். இவ்வளவு சுத்தமான தாள் இந்த ஊரில் எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சிக்கல் வட அம்புக்குறியில் தொடங்குகிறது. காணி வரைபடத்தில் அம்புக்குறி இருக்கிறது. தள வரைபடத்தில் இல்லை. தள வரைபடம் திசை தெரியாமலே வரையப்பட்டு, பிறகு காணிக்குள் கொண்டுவந்து வைக்கப்பட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கிழக்கே வீதியுள்ள காணிக்கும் இதே பிளானைத் திருப்பி வைத்துக் கொடுப்பார்கள். வீதிப் பக்கம் ஹோல், ஹோலுக்கு 8 அடி அகலக் கண்ணாடி என்பது மாறாது.

நிலையத்தின் விளம்பரத் தாளில் ‘உறுதி, பயன், அழகு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கி.மு. முதலாம் நூற்றாண்டில் 10 பாகங்களாக எழுதிய நூலின் முதற் பாகத்தில் வரும் வாய்பாடு அது. ஆங்கில எழுத்தாளர் ஹென்றி வொட்டன் 1624 இல் ஆங்கிலத்தில் அதைச் சுருக்கிச் சொன்னார். போர்த்துக்கேயர் கோணேசர் மலையில் கோட்டை எழுப்பிய ஆண்டும் அதுதான். ஆனால் விளம்பரத் தாள் எழுதியவர் ஆறாம் பாகம் வரைக்கும் போகவில்லை. எகிப்தில் கட்டும் வீடு ஒரு விதம், ஸ்பானியாவில் இன்னொரு விதம், ரோமில் வேறு விதம், சூரியன் எந்த இடத்தில் எப்படிப் போகிறதோ அப்படித்தான் வீடும் என்று அங்கே விட்ருவியஸ் சொல்கிறார். படுக்கையறையும் நூலகமும் கிழக்கைப் பார்க்க வேண்டும், தெற்கையோ மேற்கையோ பார்த்தால் புத்தகங்கள் ஈரத்தாலும் பூச்சியாலும் கெடும் என்று அறை அறையாகத் திசை குறிக்கிறார். அந்தத் திசைகள் ரோமுக்குரியவை, இங்கே அப்படியே எடுத்து வைக்க முடியாது. ஆனால் திசையைத் தீர்மானித்த பிறகே அறையை வைப்பது என்ற ஒழுங்கு எங்கும் பொருந்தும்.

திருகோணமலை வட அகலக்கோடு ஏறக்குறைய 8.6 பாகையில் இருக்கிறது. இந்த ஒரு எண்ணிலிருந்து, கூரை சுவருக்கு வெளியே நீளும் தாழ்வாரத்தின் அளவு வரைக்கும் கணக்குப் போடலாம். சித்திரை வருஷப் பிறப்புக்கு ஓரிரு நாள் முன்பின்னாகவும், ஆகஸ்ட் முடிவிலும் நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேரே. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், ஆனால் கொஞ்சம்தான். ஜூன் 21 இல்கூட அடிவானிலிருந்து 75 பாகை உயரத்தில் நிற்கும். டிசம்பரில் தெற்கே சாய்ந்து 58 பாகைக்கு இறங்கும். ஆகவே தெற்குச் சுவரில், கூரை விளிம்பிலிருந்து யன்னலின் அடிவரை 5 அடி என்றால், டிசம்பர் நண்பகலில் அந்த 5 அடியையும் நிழலில் வைக்க 3 அடி 2 அங்குலத் தாழ்வாரம் வேண்டும். வடக்குச் சுவருக்கு 1 அடி 4 அங்குலம் போதும். பிளானில் நான்கு பக்கமும் ஒரே அளவு: 1 அடி 6 அங்குலம். வடக்குக்குச் சரி, தெற்குக்குப் பாதி, மேற்குக்கு ஒன்றுமே இல்லை.

மேற்குதான் கஷ்டமான பக்கம். மாலை 4 மணிக்குச் சூரியன் அடிவானிலிருந்து ஏறக்குறைய 30 பாகை உயரத்தில் இருக்கிறது. அதே 5 அடிக்கு நிழல் வேண்டுமானால் எட்டரை அடிக்கு மேல் தாழ்வாரம் இழுக்க வேண்டும். 5 மணிக்கு அதுவும் உதவாது. மேற்குப் பார்த்த 8 அடிக் கண்ணாடிக்கு மேல் ஒன்றரை அடி சன்சேட் போடுவது மழைக்கு மட்டும்தான். பழைய வீடுகளில் வீதி மேற்கே இருந்தால் முன்னால் ஆழமான விறாந்தை, அதன் விளிம்பில் மூங்கில் தட்டி, சுவரில் சின்ன யன்னல் என்று மூன்று அடுக்காகத் தடுத்திருப்பார்கள். கூரை சரிந்து தலைமட்டம் வரை இறங்கி வருவதால் 7, 8 அடி விறாந்தையே வேலை செய்துவிடும்.

இந்தப் பிளானைக் காப்பாற்ற அவ்வளவு தூரம்கூடப் போகத் தேவையில்லை. போர்டிகோ ஏற்கெனவே 10 அடி ஆழம். ஆனால் அது மாடிப்படியின் வெறுஞ்சுவருக்கு முன்னால் நிற்கிறது. கண்ணாடி அதற்குப் பக்கத்தில் வெறும் வெயிலில். போர்டிகோவையும் ஹோலையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து, மாடிப்படி, குளியலறை, களஞ்சியம் மூன்றையும் மேற்குச் சுவரின் மீதிப் பக்கத்துக்குத் தள்ளினால், மாலை வெயிலை யாரும் நெடுநேரம் இருக்காத இடங்கள் வாங்கிக்கொள்ளும். சதுர அடி அதிகரிக்காது, செலவும் அதிகரிக்காது. கேட்டால் செய்து தருகிறார்கள். கேட்காவிட்டால் செய்வதில்லை.

3டி படம் பற்றி இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். படத்தில் வடக்குப் பக்கச் சுவரில் வெயில் நேர் எதிரே இருந்து 45 பாகைச் சரிவில் அழகாக விழுகிறது. மேற்கு முகப்பு இதமான நிழலில் இருக்கிறது. நேர் வடக்கே இருந்து அப்படி ஒரு வெயில் திருகோணமலையில் ஆண்டின் எந்த நாளும் விழாது. மென்பொருளில் ஊரையும் மாதத்தையும் நேரத்தையும் கொடுத்தால் உண்மையான நிழலை அதுவே போடும், பத்து நிமிட வேலை. மூன்றாவது பொதி எடுப்பவர்கள் அழகுப் படம் வேண்டாம் என்று சொல்லி, ஏப்ரல் மாதம் மாலை 4 மணி, டிசம்பர் மாதம் நண்பகல், ஜூன் மாதம் காலை 9 மணி என்ற மூன்று நிழற் படங்களைக் கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது பொதியே போதும்.

காற்றுக்கு வருவோம். இங்கே ஆண்டு இரண்டாகப் பிரிகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான், மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, நிலத்தைக் கடந்து காய்ந்து சூடாக வருவது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை ஆண்டு மழையில் பெரும்பகுதி, அதில் பின்பாதி வாடையோடு வடகிழக்கிலிருந்து. கச்சான் ஓங்காத நாட்களில் பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று. ஆகவே கிழக்கே அகலமான திறப்பு, அதற்கு மேலே மழையைத் தாங்கும் ஆழமான சன்சேட், தென்மேற்கே பகலில் அடைத்துவைக்கக் கூடிய பலகைக் கதவுள்ள சின்னத் திறப்பு. பிளானில் எல்லா யன்னலும் 6க்கு 4 அடி, இரண்டு தட்டு அலுமினிய இழுவை யன்னல்.

இழுவை யன்னலின் தந்திரம் பலருக்குத் தெரிவதில்லை. 24 சதுர அடி யன்னல் என்று அட்டவணையில் இருக்கும், திறப்பது 12 சதுர அடி. ஒரு தட்டு எப்போதும் மற்றதன் பின்னால் நிற்கும். கீல் போட்டு வெளியே திறக்கும் யன்னல் என்றால் 4க்கு 4 அடியிலேயே 16 சதுர அடி காற்று கிடைக்கும். விலை கொஞ்சம் கூடினாலும் யன்னலின் அளவு குறைவதால் ஈடாகும். இழுவை யன்னலின் கீழ்த் தண்டவாளத்தில் வாடை மழை தேங்கி உள்ளே வழிவதும் இந்த ஊரில் வழக்கமான முறைப்பாடு. தண்டவாளத்தில் வெளிப்பக்கம் வடிகால் துளை இருக்கிறதா என்று பொருத்துவதற்கு முன் பார்க்க வேண்டும். யன்னலின் அடிக்கட்டு வெளியே சரிவாகவும், சன்சேட்டின் அடிப்பக்கத்தில் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே அரை அங்குல அகலத்தில் ஒரு கீறலும் இருக்க வேண்டும். அந்தக் கீறல் இல்லாவிட்டால் தண்ணீர் சன்சேட்டின் அடியால் ஊர்ந்து சுவருக்கு வந்து யன்னலின் மேற்சட்டத்தை நனைக்கும். வெட்டுமுகத் தாளில் கீறல் வரையப்படவில்லை. தாளில் இல்லாததை மேசன் பாஸ் போடமாட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது.

மேல்மாடி அறைகளில் மூன்றில் இரண்டுக்கு ஒரே சுவரில்தான் யன்னல். காற்று உள்ளே வருவதற்கு வெளியே போக வழி வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்த அறையில் கூரை உயரத்தின் இரண்டு மடங்கு, மிஞ்சினால் இரண்டரை மடங்கு ஆழம் வரைக்குமே காற்று எட்டும் என்பது பொது விதி. எதிரெதிர்ப் பக்கம் திறந்தால் ஐந்து மடங்கு வரை ஓடும். எதிர்ச் சுவரில் அலுமாரி நிற்பதால் யன்னல் வைக்க இடமில்லை என்றால், அறைக்கதவுக்கு மேலே ஒன்றே கால் அடி உயரத்தில் மரக் கிராதி வைத்து நடைக்குக் காற்றை விடலாம். பழைய வீடுகளில் கதவுக்கு மேல் காணும் மரவேலைப்பாடு அலங்காரத்துக்காக மட்டும் வைத்ததல்ல.

இந்த நிலையத்தின் பிளான்களில் அதிகம் விலைபோவது ‘பொக்ஸ் மொடல்’. வெள்ளைப் பெட்டிபோல முகப்பு, கூரை கண்ணுக்குத் தெரியாது, சுற்றிவர 3 அடி கைப்பிடிச் சுவர், அதற்குள் மறைந்து சரிவு குறைந்த தகரக் கூரை, நடுவில் மழைநீர் ஓடும் கொங்கிறீட் பீலி. இந்தத் தோற்றத்தின் ஊற்று 1920களின் ஐரோப்பா. அங்கே பணிபுரிந்த கட்டடக் கலைஞர் லே கொர்புசியே 1927 அளவில் முன்வைத்த ஐந்து கொள்கைகளில் தூண்மேல் எழுந்த வீடு, சுவரின் சுமையிலிருந்து விடுபட்ட தளம், நீள யன்னல், கூரைத் தோட்டம் எல்லாம் அடக்கம். பாரிஸ் வெயிலுக்கு அது பொருந்தியது. அவரே 1950களில் இந்தியாவின் சண்டிகாரில் கட்டியபோது முகப்பு முழுக்க ஆழமான வெயில் தடுப்புகளை வைத்தார். நகல் எடுப்பவர்கள் முதல் அரைவாசியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

பொக்ஸ் மொடலில் பிழைப்பது என்ன என்று வரிசைப்படி சொல்லலாம். தாழ்வாரம் இல்லாததால் வாடை மழை முழுவதும் சுவரில் ஓடும். இரண்டு மாரி கழிந்தால் கைப்பிடிச் சுவரின் உச்சியிலிருந்து கறுப்புக் கோடுகள் இறங்கும். உச்சியில் வெளியே நீட்டிய மூடுகல் வைத்து, அதற்கும் அடியில் சொட்டுக் கீறல் போட்டால் இதில் பெரும்பகுதி நிற்கும். உள்ளே மறைந்த பீலியில் இலை அடைத்தால் தண்ணீருக்குப் போக்கிடம் வீட்டுக்குள்தான். வெளியே தொங்கும் பீலி நிரம்பினால் முற்றம் நனையும், மறைந்த பீலி நிரம்பினால் சீலிங் நனையும். பொக்ஸ் மொடல்தான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் என்றால் குறைந்தது இவற்றைக் கேளுங்கள்: பீலியின் உள்ளகலம் ஓர் அடி (கால் வைத்து நின்று கூட்டுவதற்கு), இரண்டு முனையிலும் இறங்கு குழாய், கைப்பிடிச் சுவரில் பீலியின் மேல்விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே வெளியே திறக்கும் ஒரு மிகைநீர்த் துளை. அந்தத் துளையால் தண்ணீர் ஊற்றுவதைக் கண்டால் குழாய் அடைத்துவிட்டது என்று வீதியில் போகிறவருக்கும் தெரியும்.

ஓட்டுக் கூரைப் பிளானும் அவர்களிடம் இருக்கிறது, அது எவ்வளவோ மேல். 1865 இல் மங்களூரில் பாசல் மிஷன் தொழிற்சாலை தொடக்கிய வகைத் தட்டோட்டுக்கு 25 முதல் 30 பாகைச் சரிவு வேண்டும். பிளானில் 22 பாகை. காற்றோடு வரும் மழை ஓட்டின் இணைப்பில் மேல்நோக்கி ஏறும், 22இல் அது உள்ளே விழும். சரிவைக் கூட்ட விருப்பமில்லாவிட்டால் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா பல கட்டடங்களில் செய்த வழி இருக்கிறது: அடியில் நெளிசீற் போட்டு அதன்மேல் பீலி ஓட்டைப் படுக்கவைப்பது. மழையைச் சீற் தாங்கும், வெயிலை ஓடு தாங்கும். 2000 டிசம்பர் 26 இல் திருகோணமலையில் கரைகடந்த புயலைக் கண்ட ஊர் இது. கைமரங்கள் சுவர்த்தட்டில் ஆணியில் மட்டும் நிற்கக்கூடாது. சுவர் உச்சியில் சுற்றிவர ஓடும் கொங்கிறீட் பட்டியிலிருந்து கம்பியை மேலே எடுத்து ஒவ்வொரு கைமரத்தையும் வரிந்து கட்ட வேண்டும். கம்பி அட்டவணையில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

‘நாற்சார் ஸ்டைல்’ என்ற பெயரில் நடுவில் ஒரு முற்றம் வைத்த பிளானும் விற்கிறார்கள். முற்றத்தின் அளவு 5க்கு 5 அடி, மேலே ஒளிபுகும் பிளாஸ்ரிக் சீற். சுற்றுச் சுவர் இரண்டு மாடி உயரம், 20 அடி. இது முற்றமல்ல, சூடு தேங்கும் ஒரு குழாய். நாற்சார் வீட்டில் முற்றம் வேலை செய்வது அது வானத்துக்குத் திறந்திருப்பதால். இரவில் சூடு மேலே போகும், குளிர்ந்த காற்று கீழே இறங்கிச் சுற்று விறாந்தையில் பரவும். மூடினால் இரண்டும் நின்றுவிடும். இலங்கைக் கட்டடக் கலைஞர்கள் மினெற் டி சில்வாவும் பாவாவும் முற்றத்தை நவீன வீட்டுக்குள் மீண்டும் கொண்டுவந்தபோது திறந்தே விட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் பாவா கட்டிய ஈனா டி சில்வா வீடு முற்றங்களைச் சுற்றியே எழுந்தது. 12 பேர்ச்சில் இரண்டு மாடியோடு உண்மையான முற்றம் வேண்டுமானால் அகலம் குறைந்தது 10 அடி விட வேண்டும், தரை வீட்டுத் தரையைவிட 6 அங்குலம் தாழ வேண்டும், 4 அங்குல வடிகுழாய் ஒன்றுக்குப் பதில் இரண்டு. இடமில்லை என்றால் முற்றத்தையே விட்டுவிட்டு, மாடிப்படிக்கு மேலே கூரையை ஒன்றரை அடி உயர்த்திப் பக்கவாட்டில் கிராதி வைப்பது நல்லது. சூடு அதனால் வெளியேறும், மழை வராது.

மாடிப்படியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மாடிக்கு மாடி 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம். பிளானில் 16 படி. ஒரு படியின் உயரம் ஏழே முக்கால் அங்குலத்துக்கும் மேல், மிதியின் அகலம் 9 அங்குலம். பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் புளொண்டெல் தந்த விதிப்படி இரண்டு உயரத்தோடு ஒரு மிதியைக் கூட்டினால் 24 அங்குலத்துக்குக் கிட்ட வர வேண்டும். இங்கே இருபத்து நாலே முக்கால். சூத்திரம் ஒப்புக்கொள்கிறது, அம்மம்மாவின் முழங்கால் ஒப்புக்கொள்ளாது. 18 படியாக்கினால் உயரம் சரியாக 7 அங்குலம், மிதி 10 அங்குலம், கூட்டினால் 24. நடுவில் திரும்பும் படி என்பதால் இதற்குக் கூடுதலாகத் தேவைப்படும் நீளம் 17 அங்குலம் மட்டும். அந்த 17 அங்குலத்தை ஹோலிலிருந்து எடுத்தால் ஒருவருக்கும் தெரியாது. வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

மனையடி பார்ப்பவர்களுக்கு நிலையம் நன்றாக ஒத்துழைக்கிறது. குசினியைத் தென்கிழக்கில் வைப்பார்கள், அறைகளை மனையடிக் கணக்குக்கு 10, 11, 16 அடி என்று ஒதுக்குவார்கள். அதில் ஒரு ஓட்டை. தாளில் 11 அடி என்பது புளொக் கல்லிலிருந்து புளொக் கல்லுக்கு. இரு பக்கமும் முக்கால் அங்குலப் பூச்சு ஏறினால் 10 அடி பத்தரை அங்குலம். மனையடி உள்ளளவைப் பார்ப்பது என்பதால் ‘பூச்சுக்குப் பின் 11 அடி’ என்று தாளில் எழுதச் சொல்ல வேண்டும். மற்றது குசினி. தென்கிழக்கு மூலை கச்சான் காலத்தில் நல்லது, புகை வீட்டைவிட்டு வெளியே போகும். கிழக்கிலிருந்து கடற்காற்று எழும் பிற்பகலில் மீன் பொரித்த மணம் முழுவதும் திறந்த பென்றி வழியாக ஹோலுக்கு வரும். பென்றிக்கும் ஹோலுக்கும் இடையில் ஒரு கதவு போதும். திறந்த பென்றிதான் ஸ்டைல் என்பவர்கள் வீட்டில் மீன் பொரிக்காதவர்களாக இருக்க வேண்டும்.

அத்திவாரத் தாள் எல்லாக் காணிக்கும் ஒன்றே. உப்புவெளியின் மணலும், தம்பலகாமம் பக்கத்து வயல் களியும், உவர்மலையின் பாறையும் ஒரே அத்திவாரத்தைக் கேட்பதில்லை. வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை என்ற ஆறாம் நூற்றாண்டு வடமொழி நூல், ஒரு முழக் குழி தோண்டி, தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டுப் பார் என்கிறது. மண் மிஞ்சினால் நல்ல நிலம், மட்டமானால் நடுத்தரம், குறைந்தால் ஆகாது. இதில் மூடநம்பிக்கை ஒன்றுமில்லை. இறுகிய மண்ணைக் கிளறினால் கன அளவு கூடும், இளகிக் கிடந்த மண் அப்படிக் கூடாது. இன்றைக்குச் செய்வதானால் ஒரு முழம் போதாது, அத்திவார ஆழத்துக்கு, 4 அடிவரை, காணியின் இரண்டு மூலையிலாவது தோண்டி, நிரப்பு மண் எதுவரை இருக்கிறது, தண்ணீர் எந்த மட்டத்தில் வருகிறது என்று பார்த்துப் படம் எடுத்து நிலையத்துக்குக் கொடுக்க வேண்டும். வயலை நிரப்பிய காணி என்றால் பொறியியலாளர் ஒருவர் பார்க்காமல் இந்தத் தாளை நம்பக்கூடாது.

கிணறு. மலக்குழியின் ஊறுகுழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடி விடுவது வழக்கம். பிளானில் உங்கள் கிணறும் உங்கள் குழியும் எதிரெதிர் மூலையில், தூரம் சரி. பக்கத்துக் காணிக் கிணறு தாளிலேயே இல்லை. 45 அடி அகலக் காணியில் உங்கள் ஊறுகுழி பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு 20 அடியில் வந்து நிற்கக்கூடும். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் மணற்காணியில் இது சண்டையோடு நிற்காது, நோயில் போய் முடியும்.

கடலுப்பு விஷயத்தில் பீ.ஓ.கியூ. மிகவும் பலவீனம். கம்பிக்கு மேல் கொங்கிறீட் மறைப்பு 20 மில்லிமீற்றர் என்று எல்லா இடத்துக்கும் போட்டிருக்கிறார்கள். கடற்காற்று படும் வெளித்தூண், பல்கனி, சன்சேட் எல்லாவற்றுக்கும் 40 கேளுங்கள். உப்பிலுள்ள குளோரைட்டு கொங்கிறீட்டுக்குள் ஊறிக் கம்பியை எட்டியதும் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கொங்கிறீட்டைப் பிளந்து தள்ளும். பல்கனியின் அடியில் கம்பி வெளியே தெரியும் வீடுகளை இந்த ஊரில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். மறைப்பைத் தாளில் எழுதினால் மட்டும் போதாது, பலகைத் தட்டுக்கும் கம்பிக்கும் இடையில் வைக்கும் சீமெந்துக் கட்டைகள் 40 மில்லிமீற்றரில் வார்த்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். கருங்கல் சல்லியைச் செருகிக் கம்பியைத் தூக்கும் பழக்கத்துக்கு இடம் கொடுக்கக்கூடாது. மணல் ‘ஆற்று மணல்’ என்று மட்டும் இருக்கிறது. கொட்டியாரக் குடாவில் மகாவலி விழும் முகத்துவாரத்துக்குக் கிட்ட அள்ளியது என்றால் அதிலும் உப்பு இருக்கக்கூடும். ‘கழுவியது, உப்புச் சோதித்தது’ என்ற சொல் சேர வேண்டும். கைப்பிடிக்கு ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று போட்டிருப்பதை 316 தரம் என்று திருத்துங்கள். சாதாரண 304 கடற்கரையில் பழுப்புப் புள்ளி போடும்.

சேவை எப்படி என்று கேட்டால், மரியாதையான ஆட்கள், சொன்ன திகதிக்குத் தாள் வருகிறது, இரண்டு முறை திருத்தம் கட்டணத்துக்குள் அடக்கம். அந்த இரண்டையும் சுவர் நிறத்திலும் கேற் டிசைனிலும் செலவழித்துவிடாதீர்கள். முதல் திருத்தத்தில் திசை, போர்டிகோ, மாடிப்படி, யன்னல் வகை. இரண்டாவதில் வெட்டுமுக விபரங்கள், மறைப்பு, பீ.ஓ.கியூ. சொற்கள். எழுத்தில் கொடுங்கள், வட்ஸ்அப் குரற்செய்தியில் கொடுத்தால் பாதி தவறும்.

பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி. சபைக்குப் போகும் தாளில் யாருடைய கையெழுத்து, அவர் காணியை நேரில் பார்ப்பாரா? காணி கடலின் உயர் நீர்மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்கள அனுமதியையும் அவர்கள் எடுத்துத் தருவார்களா, அது உங்கள் பாடா? கணினிக் கோப்பின் பிரதி உங்களுக்குக் கிடைக்குமா? மூன்றாவதற்கு இந்த நிலையம் பீ.டி.எப். மட்டும் தருகிறது. கட்டும்போது யன்னலை நகர்த்தினாலும் படியைக் கூட்டினாலும் திருத்திய தாளைச் சபைக்குக் கொடுத்துவிட வேண்டும். கட்டி முடித்துச் சீ.ஓ.சி. (பிளான்படி கட்டியதற்கான சான்றிதழ்) கேட்கும் நாளில் வீடும் தாளும் பொருந்தாவிட்டால் மறுபடி வரைய இதே நிலையத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும், அப்போது கட்டணம் புதிதாக.